காவிரிக்கரையில் கிளாரினெட்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பிற நாடுகளில் பிறந்த பல கருவிகள் தமிழ் மண்ணுக்கு வந்துள்ளன. அவற்றுள் சில சிறிது காலம் ஒலித்து மறைந்தன. சில தமிழிசையின் உறுப்பாகவே மாறின. ஒரு கருவி வந்த மண்ணில் நிலைபெற அதன் புதுமை மட்டும் போதாது. அம்மண்ணின் பண்ணைப் பாட அதனைப் பழக்கும் கலைஞர் ஒருவர் வேண்டும். செருமனியில் தோன்றி, படைவீரர் அணிவகுப்பில் முழங்கி, தமிழர் ஆடலரங்கில் பின்பாட்டு இசைத்து, இறுதியில் திருச்சிராப்பள்ளிக் கலைஞர் ஒருவரால் தனிக்கச்சேரிக் கருவியாக உயர்ந்த கிளாரினெட்டின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இசை மணக்கும் இரு ஊர்கள்

காவிரியின் தென்கரையில் மலைக்கோட்டையும், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கமும் அமைந்துள்ளன. இவ்விரண்டு ஊர்களின் இசை மரபு மிகத் தொன்மையானது. திருவரங்கத்தில் ஆழ்வார் பாசுரங்களைப் பாடியும் அபிநயித்தும் காட்டும் அரையர் சேவை தலைமுறை தலைமுறையாக நடைபெற்று வருகிறது. அரையர்களின் கையில் உள்ள தாளம் ஒன்றே அவர்களுக்குத் துணைக்கருவி. இறைவனின் இரவுநேர ஏகாந்தத்தில் வீணை இசைக்கும் வழக்கமும் அக்கோயிலுக்கு உண்டு. வீதியுலாக்களிலும் வழிபாட்டு வேளைகளிலும் நாகசுரமும் தவிலும் முழங்கும். தியாகராசர் திருவரங்கத்து இறைவன்மீது பாடிய ஐந்து கீர்த்தனைகள் ‘ஸ்ரீரங்க பஞ்சரத்தினம்’ என வழங்கப்படுகின்றன. திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே குடுமியான்மலையில், கி.பி. ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்த இசைக்கல்வெட்டு இன்றும் காணக்கிடைக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி மீண்டும் இசையின் நிலைக்களனாக விளங்கியது. ரசிக ரஞ்சன சபை அந்நகரில் கச்சேரிகளையும் நாடகங்களையும் நடத்தியது. 1939ஆம் ஆண்டில் அங்கு வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. அதுவரை கோயிலிலும் திருமணப் பந்தலிலும் சபையிலும் மட்டும் கேட்ட இசை, வானொலிப் பெட்டி இருந்த ஊர்கள்தோறும் சென்று சேர்ந்தது. ஆலத்தூர் வேங்கடேச ஐயரின் இசைப்பள்ளி தாளநுட்பத்திற்கும் பல்லவி பாடும் முறைக்கும் பெயர்பெற்றிருந்தது. ‘ஆலத்தூர் சகோதரர்கள்’ எனப் புகழ்பெற்ற சீனிவாச ஐயர், சிவசுப்பிரமணிய ஐயர் ஆகிய இருவரும் அப்பள்ளியில் பயின்றவர்களே. அவர்கள் உடன்பிறந்தவர் அல்லர். ஒருவர் ஆசிரியரின் மகன், மற்றவர் ஆசிரியரின் மாணவர். மரபில் இவ்வளவு ஆழ்ந்திருந்த ஊரிலிருந்துதான் ஓர் அயல்கருவிக்குத் தமிழ்க்குரல் கிடைத்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கருவியின் பிறப்பு

கிளாரினெட் ஒரு துளைக்கருவி. செருமனியின் நியூரம்பெர்க் நகரத்தில் வாழ்ந்த யோகான் கிறிஸ்டோஃப் டென்னர் என்னும் கருவியாக்குநர், கி.பி. 1700ஐ ஒட்டிய காலத்தில் ‘சாலுமோ’ என்ற பழைய குழலைச் செப்பம் செய்து இதனை உருவாக்கினார் என்பர். கரிய வைரமரத்தில் கடைந்தெடுக்கப்படும் இக்குழலின் ஊதுவாயில் ஒற்றை நாணல் தகடு பொருத்தப்பட்டிருக்கும். காற்று பட்டதும் அத்தகடு அதிர்ந்து ஒலி எழுப்பும். விரல்களுக்கு எட்டாத துளைகளை மூடவும் திறக்கவும் உலோகத் திறவுகள் குழலின் மேல் அமைந்திருக்கும்.

நாகசுரமும் நாணலால் ஒலிக்கும் கருவிதான். ஆயினும், அதன் சீவாளி இரட்டை இதழ்களை உடையது. நாகசுரத்தின் குழல் மேலே குறுகியும் கீழே அகன்றும் செல்லும் கூம்பு வடிவினது; கிளாரினெட்டின் குழலோ பெரும்பகுதி ஒரே அகலமுடையது. இவ்வடிவ வேறுபாடே இரண்டு கருவிகளின் குரலையும் வேறாக்குகிறது. நாகசுரத்தின் ஒலி விரிந்து பரந்து வெட்டவெளியை நிறைக்கும். கிளாரினெட்டின் கீழ்க்குரல் செறிவும் இருண்மையும் உடையது. மேற்குரல் தெளிந்து கூர்மையாக ஒலிக்கும். காதோடு பேசுவது போன்ற மெல்லொலி முதல் மண்டபம் நிறைக்கும் வல்லொலி வரை அதனால் எழுப்ப இயலும்.

தமிழகம் வந்த வழி

ஐரோப்பியப் படைகள் முகாமிட்ட இடங்களுக்கெல்லாம் அவர்களுடைய பேண்டு வாத்தியக் குழுக்களும் சென்றன. அணிவகுப்பின்போது இசைக்கப்பட்ட கருவிகளுள் கிளாரினெட்டும் ஒன்று. அரண்மனைகளும் அவ்விசையால் ஈர்க்கப்பட்டன. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சிக்காலம் 1798–1832) மேலையிசையில் ஈடுபாடு கொண்டு, தம் அரண்மனையில் மேலைநாட்டு முறையிலான இசைக்குழு ஒன்றைப் பேணினார்.

வயலின் தமிழிசைக்குள் நுழைந்ததும் இக்காலத்தை ஒட்டியே. முத்துசாமி தீட்சிதரின் தம்பியான பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அக்கருவியைத் தமிழிசைக்கு ஏற்பப் பழக்கினர். அவர்களைப் போன்றே கிளாரினெட்டைக் கையில் எடுத்தவர்கள் சதிர் ஆடலின் நட்டுவனார்கள். அக்கருவியை ஆடல் இசைக்குழுவில் சேர்த்தவர் மகாதேவ நட்டுவனார் என்று இசை வரலாற்றறிஞர் குறிப்பிடுவர்.

ஆடலுக்குப் பின்னால் நின்றோர்

தமிழகத்தில் நாகசுரமும் தவிலும் அடங்கிய குழுவைப் பெரியமேளம் என்றும், ஆடலுக்கு இசைக்கும் குழுவைச் சின்னமேளம் என்றும் வழங்கினர். ஆடுபவர்க்குப் பின்னால் சின்னமேளக் கலைஞர்கள் நின்றுகொண்டே இசைப்பர். ஆடுபவர் முன்னே நகர்ந்தால் அவர்களும் நகர்வர். பின்வாங்கினால் அவர்களும் பின்வாங்குவர். நட்டுவனார் கைத்தாளம் தட்டிச் சொற்கட்டுகளைக் கூறுவார். முட்டுக்காரர் மிருதங்கத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு முழக்குவார். ‘துத்தி’ எனப்படும் தோற்பையிலிருந்து சுருதி இடைவிடாது ஒலிக்கும். பாடலின் மெட்டை முகவீணை என்னும் சிறுகுழல் தொடர்ந்து இசைக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முகவீணையின் இடத்தைக் கிளாரினெட் பெற்றது. அதற்குக் காரணங்கள் உண்டு. முகவீணை உயர்ந்த குரல் மட்டுமே உடையது. பாடுபவரின் குரலுக்கு இணையாகக் கீழிறங்க அதனால் இயலாது. கிளாரினெட்டின் குரல் எல்லையோ மூன்றரைத் தாயி அளவு விரிந்தது. பாடகரின் குரல் தாழும்போது தானும் தாழ்ந்து, உயரும்போது தானும் உயர்ந்து அது உடன்வரும். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், பாடுபவரின் குரலைக் கூட்டத்தின் கடைசி வரிசை வரை எடுத்துச் சென்றது அதன் வலிய ஒலி.

எனினும், இக்கலைஞர்களின் பெயர்கள் வெளியில் தெரியவில்லை. அவையோரின் கண்கள் ஆடுபவர் மீதே இருந்தன. ஆடல் நிகழ்ச்சியின் உயிர்த்துடிப்பாக விளங்கியவர்கள் ஆடுபவரின் நிழலிலேயே வாழ்ந்து மறைந்தனர்.

> தெரிந்து தெளிவோம்
>
> ஆடலுக்கு இசைப்போர் பின்னணியில் மறைவது உலகெங்கும் காணப்படும் நிலையாகும். 1970களில் அமெரிக்காவில் ‘டிஸ்கோ’ என்னும் ஆடலிசை பரவியது. பிலடெல்பியா நகர ஒலிப்பதிவுக் கூடமொன்றில் இசைத்த கலைஞர்கள் அவ்வொலிக்கு அடித்தளம் இட்டனர். தாளத்தின் நான்கு அடிகளிலும் பெருமுரசை ஒரே சீராக ஒலிக்கச் செய்யும் முறையை எர்ல் யங் என்னும் முரசுக் கலைஞர் 1973ஆம் ஆண்டளவில் வகுத்தார். ஆடுகளத்தில் இருந்தவர்களுக்குப் பாடகரின் பெயர் தெரிந்திருந்தது. தம் கால்களை ஆட வைத்த முரசுக் கலைஞரின் பெயர் தெரிந்தவர் சிலரே. சின்னமேளக் கலைஞர்களின் நிலையும் இத்தகையதே.

வாழ்விடம் இழந்த கருவி

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சதிர் ஆடலுக்கு எதிரான இயக்கம் வலுப்பெற்றது. பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் கொடிய வழக்கத்தை ஒழிக்க மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டி அயராது பாடுபட்டார். 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் நிறைவேறியது. பெண்களின் மானத்தையும் உரிமையையும் காத்த அச்சட்டம் சமூக வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அதே காலத்தில் சதிர் ஆடல் ‘பரதநாட்டியம்’ என்னும் பெயருடன் புதிய அரங்குகளில் ஏறியது.

இம்மாற்றத்தால் ஆடலரங்கின் அமைப்பும் மாறியது. பின்னால் நின்று இசைத்த கலைஞர்கள் மேடையின் ஒருபுறம் அமர்ந்தனர். கிளாரினெட்டின் இடத்தில் புல்லாங்குழலும் வயலினும் வந்தன. நூறு ஆண்டுகளாக ஆடலோடு பிணைந்திருந்த கருவி தன் வாழ்விடத்தை இழந்தது. அதனை நம்பியிருந்த இசைக்குடும்பங்களின் வருவாயும் குறைந்தது.

கோயில் வழிபாட்டில் அதற்கு இடமில்லை; அங்கு நாகசுரமே மங்கல இசைக்குரியது. கிளாரினெட்டுக்கு எஞ்சியது திருமண ஊர்வலம். சென்னை நாதமுனி பேண்டு போன்ற குழுக்கள் சீருடை அணிந்து, மேலைநாட்டுக் கருவிகளில் கீர்த்தனைகளையும் இசைத்துப் புகழ்பெற்றிருந்தன. ஆயினும், ஊர்வலத்தில் நடந்துகொண்டே இசைப்பதற்கும், கற்றறிந்தோர் அவையில் அமர்ந்து ஓர் இராகத்தை ஒருமணி நேரம் விரித்துரைப்பதற்கும் வேறுபாடு மிகுதி. கிளாரினெட்டால் பின்னதைச் செய்ய இயலுமா? இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையில்தான் அக்கருவியின் எதிர்காலம் அடங்கியிருந்தது.

திருச்சிராப்பள்ளி நடராஜன்

அவ்வினாவுக்கு விடையாக விளங்கியவர் ஏ.கே.சி. நடராஜன். 1931ஆம் ஆண்டில் பிறந்த இவர் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்தவர். இவருடைய தந்தையார் சின்னிகிருஷ்ண நாயுடுவும் இசைக்கலைஞர். இளமையிலேயே இசையில் நாட்டம் கொண்ட நடராஜன், ஆலத்தூர் வேங்கடேச ஐயரிடம் வாய்ப்பாட்டுக் கற்றார். இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாகசுரம் பயின்றார்.

இவர் கற்ற வரிசை கருதத்தக்கது. வாய்ப்பாட்டு, பாடலின் சொல்லும் பொருளும் எங்கே பிரிகின்றன, எங்கே இணைகின்றன என்பதைக் கற்பித்தது. நாகசுரம், மூச்சை அடக்கி ஆளவும், இராகத்தை நிறைவாக விரித்துரைக்கவும் கற்பித்தது. இவ்விரு கல்வியையும் பெற்றவர் கிளாரினெட்டைக் கையில் எடுத்தபோது, அதில் என்ன இசைக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஐயம் எழவில்லை. எவ்வாறு இசைப்பது என்பதே அவர்முன் நின்ற சிக்கல்.

ஒலியை வசப்படுத்திய முறை

மேலையிசையில் ஒரு சுரம் பெரும்பாலும் ஒரு நிலையில் நிற்கும் ஒலி. ஒரு திறவை அழுத்தினால் ஒரு சுரம்; மற்றொன்றை அழுத்தினால் மற்றொரு சுரம். படிக்கட்டில் கால்வைத்து ஏறுவது போன்றது அவ்வியக்கம். தமிழிசையில் சுரம் அசைந்துகொண்டே இருக்கும். தோடி இராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது அலையும். அந்த அலைவை நீக்கிவிட்டால் தோடியே இல்லை. இவ்வசைவைக் ‘கமகம்’ என்பர். படிக்கட்டாக அமைந்த கருவியில் நீரோட்டத்தை எவ்வாறு கொண்டுவருவது?

அதற்கு மூன்று வழிகள் துணைபுரிகின்றன. முதலாவது விரல். துளையை முழுவதும் மூடாமலும் முழுவதும் திறவாமலும், விரலைச் சிறிது சிறிதாக விலக்கினால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு ஒலி வழுக்கிச் செல்லும். இரண்டாவது உதடு. ஊதுவாயைப் பற்றியுள்ள உதட்டின் அழுத்தத்தைக் கூட்டினால் ஒலி சிறிது உயரும், தளர்த்தினால் தாழும். மூன்றாவது மூச்சு. காற்றின் விசையை மாற்றிச் சுரத்திற்கு எடுப்பும் தணிவும் தர இயலும். இம்மூன்றும் ஒரே நொடியில் ஒன்றுபட்டு இயங்கும்போதுதான் கமகம் பிறக்கும். ஒன்று பிழைத்தாலும் கிளாரினெட் கீச்சிடும்.

இதனினும் கடுமையான இடர் ஒன்று அக்கருவியின் வடிவத்திலேயே உள்ளது. நாகசுரத்தில் ஒரு விரலமைப்பை மாற்றாமல் மூச்சின் விசையை மிகுத்தால், அதே சுரம் அடுத்த தாயியில் ஒலிக்கும். மத்திய சட்சமம் தார சட்சமமாகும். ஆகவே, இரண்டு தாயிகளுக்கும் ஏறத்தாழ ஒரே விரலமைப்பு போதும். கிளாரினெட் அவ்வாறன்று. ஒரே அகலமுடைய குழலும் ஒருமுனை அடைபட்ட அமைப்பும் சேர்வதால், அதே விரலமைப்பு மேற்குரலில் எட்டாம் சுரத்தைத் தராது. பன்னிரண்டாம் சுரத்தைத் தரும். அதாவது, மத்திய சட்சமத்தை இசைத்த விரல்கள் தார பஞ்சமத்தை ஒலிக்கும். கீழ்த்தாயிக்கு ஒரு விரலமைப்பும் மேல்தாயிக்கு வேறொரு விரலமைப்பும் கொள்ள வேண்டும். இரண்டுக்கும் இடையில் பாலம்போல் அமைந்த சில சுரங்கள் வலுவிழந்து ஒலிக்கும். விரைந்த சுரக்கோவை இந்த எல்லையைக் கடக்கும்போது ஒலியில் பிளவு தெரியாமல் காப்பது பல்லாண்டுப் பயிற்சியால் மட்டுமே கைவரும்.

நடராஜனின் இசையில் இப்பிளவு தெரிவதில்லை. கீழ்த்தாயியில் ஆழ்ந்து தொடங்கும் ஆலாபனை, படிப்படியாக விரிந்து மேல்தாயியில் நின்று நிலைக்கும்போது ஒரே குரல் பாடுவது போன்ற உணர்வு பிறக்கும். நாகசுரத்தின் நீண்ட மூச்சும் வாய்ப்பாட்டின் சொல்லழகும் அதில் ஒருங்கே அமைந்திருக்கும். கருவி அயலதாயினும் கேட்பவர் செவியில் விழுவது தமிழகத்தின் பண்ணே.

> தெரியுமா?
>
> கிளாரினெட்டின் ஒலியை வழுக்கி உயர்த்தும் முறை மேலைநாட்டிலும் வியப்புடன் வரவேற்கப்பட்டது. 1924ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஜார்ஜ் கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் புளூ’ அரங்கேறியது. அதன் தொடக்கத்தில் தனித்தனிச் சுரங்களாக எழுதப்பட்டிருந்த ஏறுவரிசையை, ராஸ் கோர்மன் என்னும் கலைஞர் ஒத்திகையின்போது விளையாட்டாக வழுக்கி இசைத்தார். கெர்ஷ்வின் அதனை விரும்பி, அவ்வாறே இசைக்கச் செய்தார். அங்கு ஒருமுறை புதுமையாகத் தோன்றிய அவ்வொலி, தமிழிசையில் ஒவ்வொரு சுரத்திற்கும் உரிய இயல்பாகும்.

தவிலின் துணை

ஒரு குழுவின் ஒலியைத் தலைமைக் கருவி மட்டும் உருவாக்குவதில்லை. நடராஜனின் கச்சேரிகளில் தவில் பக்க இசையாக அமைந்தது. பலாமரத்தில் குடையப்பட்ட தவிலின் ஒருபுறத்தைக் குச்சியாலும், மறுபுறத்தைக் கூடு அணிந்த விரல்களாலும் முழக்குவர். திறந்தவெளிக்கென்றே பிறந்த பேரொலிக் கருவி அது. வீணை, புல்லாங்குழல் போன்ற மென்கருவிகளோடு அது எளிதில் ஒத்துவராது. கிளாரினெட்டின் வலிய குரல் தவிலுக்கு ஈடுகொடுத்தது. அதேநேரம் கிளாரினெட் மென்மையாக இசைக்கும் இடங்களில் தவிலும் தன் முழக்கத்தைக் குறைத்து, விரல்நுனியால் பேச வேண்டியிருந்தது.

இவ்விணைப்பால் பெரியமேளத்தின் தாளச்செழுமையும் சின்னமேளத்தின் குழலோசையும் ஒரே மேடையில் சந்தித்தன. வழிபாட்டிற்கு உரியது ஒன்று, ஆடலுக்கு உரியது மற்றொன்று எனப் பிரிந்துகிடந்த இரண்டு மரபுகள் கச்சேரி மேடையில் ஒன்றாயின. தவில்காரர் தாளத்தின் கணக்கை நுட்பமாக வகுத்து வைக்க, கிளாரினெட் அதற்குச் சுரங்களால் விடை கூறும். ஆலத்தூர்ப் பள்ளியில் பெற்ற தாளப்பயிற்சி நடராஜனுக்கு அங்கே கைகொடுத்தது.

அறிந்தோர் அளித்த மதிப்பு

புதிய கருவிக்கு வரும் முதல் எதிர்ப்பு, அதனோடு நெருங்கிய பழைய கருவியை இசைப்போரிடமிருந்து எழுவதே இயல்பு. ஆனால், நாகசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பட்ட திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை, நடராஜனின் இசையைக் கேட்டு மகிழ்ந்து, ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்னும் பட்டத்தை அவருக்கு வழங்கினார். எவரெஸ்ட் சிகரத்தை 1953ஆம் ஆண்டில் மனிதர் முதன்முதலாக ஏறியடைந்தனர். அச்சொல் அக்காலத்தில் மனித முயற்சியின் எல்லையைக் குறித்தது. நாகசுரத்தின் தலைமகன், அதற்குப் போட்டியாகக் கருதத்தக்க கருவியின் கலைஞரை மனமுவந்து பாராட்டியது இசையுலகின் பெருந்தன்மைக்குச் சான்றாகும்.

வானொலியும் சபைகளும் நடராஜனின் இசையைத் தமிழகமெங்கும் பரப்பின. சங்கீத நாடக அகாதெமி விருதைப் பெற்ற இவருக்கு, 2008ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாதெமி ‘சங்கீத கலாநிதி’ விருதை அளித்தது. அடுத்த ஆண்டில் அதே விருது தவில் கலைஞர் வலையப்பட்டி ஏ.ஆர். சுப்பிரமணியத்திற்கு வழங்கப்பட்டது. நெடுங்காலம் தெருவுக்கும் திருவிழாவுக்கும் உரியவை எனக் கருதப்பட்ட இரண்டு கருவிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் இசையரங்கின் உயரிய மதிப்பைப் பெற்றன. 2022ஆம் ஆண்டில் இந்திய அரசு நடராஜனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அயல்கருவிகள் உணர்த்தும் உண்மை

கிளாரினெட் சென்ற வழியில் வேறு கருவிகளும் தமிழிசைக்குள் வந்தன. கருநாடகத்தைச் சார்ந்த கத்ரி கோபால்நாத் சாக்சபோனில் கமகங்களை இசைத்துக் காட்டினார். அதுவும் ஒற்றை நாணல் கொண்ட கருவிதான். யு. ஸ்ரீநிவாஸ் சிறுவயதிலேயே மின்மாண்டலினில் கச்சேரி செய்து இசையறிஞரை வியக்கச் செய்தார். வயலினோ இன்று அயல்கருவி என்ற நினைவே எழாத அளவுக்குத் தமிழிசையில் கலந்துவிட்டது.

இக்கருவிகள் யாவும் தமிழிசையின் இலக்கணத்தை மாற்றவில்லை. தமிழிசையின் இலக்கணத்திற்கு ஏற்பத் தாம் மாறின. வயலின் தோளிலிருந்து இறங்கி, தரையில் அமர்ந்த கலைஞரின் மார்புக்கும் காலுக்கும் இடையில் நிலைகொண்டது. கிளாரினெட் திறவுகளின் கட்டிலிருந்து விடுபட்டு, விரலின் நெகிழ்வுக்கு இணங்கியது. வேற்றுமொழிச் சொல்லைத் தமிழ் தன் ஒலிமரபுக்கு ஏற்ப மாற்றி ஏற்பதுபோல, வேற்றுநாட்டுக் கருவியையும் தமிழிசை தன் பண்மரபுக்கு ஏற்பப் பழக்கி ஏற்றது.

அதேவேளை, இவ்வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வயலினுக்குக் கிடைத்தது போன்ற நீண்ட மாணவர் வரிசை கிளாரினெட்டுக்கு அமையவில்லை. கற்பதற்கு அரிய கருவி என்பதும், அதனை இசைத்து வாழும் வாய்ப்புகள் குறைவு என்பதும் அதற்குக் காரணங்களாகும். ஒரு கருவியை ஒரு மேதை மேடையேற்ற இயலும். அது தொடர்ந்து மேடையில் நிலைக்க, கற்போரும் கற்பிப்போரும் கேட்போரும் வேண்டும். ஆடலுக்குப் பின்னால் நின்று, பெயர் அறியப்படாமலே நூறாண்டுகள் அக்கருவியைக் காத்த கலைஞர்களின் உழைப்பு வீணாகாதிருக்க, அதனைக் கேட்கும் செவிகள் இளந்தலைமுறையிடம் இருத்தல் வேண்டும்.

சொற்பொருள்

நிலைக்களன் – இருப்பிடம். தாயி – சுர மண்டிலம் (ஸ்தாயி). கமகம் – சுரத்தின் அசைவு. சீவாளி – நாகசுரத்தின் ஊதுவாயில் பொருத்தும் நாணல் இதழ். முட்டுக்காரர் – சின்னமேளத்தில் மிருதங்கம் இசைப்பவர். துத்தி – காற்று நிரப்பிய தோற்பையால் சுருதி எழுப்பும் கருவி. ஏகாந்தம் – தனிமை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் திருவிழாவிலும் திருமணத்திலும் இசைக்கப்படும் கருவிகளைப் பட்டியலிட்டு, அவற்றைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகைப்படுத்துக.
2. உங்கள் பகுதியில் வாழும் நாகசுர, தவில் அல்லது பேண்டு வாத்தியக் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் கலை கற்ற முறை குறித்து உரையாடி, அதனைத் தொகுத்து வகுப்பில் படித்துக் காட்டுக.
3. ஒரே இராகத்தை நாகசுரத்திலும் கிளாரினெட்டிலும் கேட்டு, நீங்கள் உணர்ந்த வேறுபாடுகளை எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. சின்னமேளத்தில் கிளாரினெட் எக்கருவியின் இடத்தைப் பெற்றது?
அ) துத்தி  ஆ) முகவீணை  இ) புல்லாங்குழல்  ஈ) வயலின்

2. கிளாரினெட்டில் மத்திய சட்சமத்திற்குரிய விரலமைப்பு மேற்குரலில் ஒலிப்பது
அ) தார சட்சமம்  ஆ) தார மத்திமம்  இ) தார பஞ்சமம்  ஈ) தார காந்தாரம்

3. சரியானதைத் தேர்ந்தெடுக்க.
கூற்று 1: நாகசுரத்தின் குழல் கூம்பு வடிவினது.
கூற்று 2: கிளாரினெட்டின் ஊதுவாயில் இரட்டை நாணல் இதழ்கள் உள்ளன.
அ) கூற்று 1 சரி, 2 தவறு  ஆ) கூற்று 1 தவறு, 2 சரி  இ) இரண்டும் சரி  ஈ) இரண்டும் தவறு

குறுவினா

1. பெரியமேளம், சின்னமேளம் – வேறுபடுத்துக.
2. ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்னும் பட்டத்தை வழங்கியவர் யார்? அப்பாராட்டின் சிறப்பு யாது?
3. ஆலத்தூர் சகோதரர்கள் – குறிப்பு வரைக.

சிறுவினா

1. கிளாரினெட்டில் கமகத்தை எழுப்பத் துணைபுரியும் மூன்று வழிகளை விளக்குக.
2. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய காலத்தில் ஆடலரங்கில் ஏற்பட்ட மாற்றங்கள் கிளாரினெட் கலைஞர்களை எவ்வாறு பாதித்தன?
3. கிளாரினெட்டும் தவிலும் ஒரே மேடையில் இணைந்ததன் சிறப்பினை எழுதுக.

நெடுவினா

1. ‘அயல்கருவிகள் தமிழிசையை மாற்றவில்லை, தமிழிசைக்கு ஏற்பத் தாம் மாறின’ – இக்கூற்றைக் கிளாரினெட்டின் வரலாறு கொண்டு நிறுவுக.
2. ஆடலுக்கும் பாடலுக்கும் பின்னணியில் நிற்கும் இசைக்கலைஞர்கள் அறியப்படாமல் போவதற்கான காரணங்களை ஆராய்ந்து, அவர்களுக்கு மதிப்பளிக்கும் வழிகளைப் பரிந்துரைக்க.